ஏச்சு வாங்க ரயிலேறி வந்தவர்

கிணறு என்றால் எனக்குக் குலை நடுங்கும். நீச்சல் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் விழுந்தால் நீந்துவதற்கு என்ன இருக்கிறது? அடியில் பாறை, பாறை மேல் யாரோ தவறவிட்ட பிளாஸ்டிக் குடம், குடத்தின் மேல் உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்க்கிற ஓணான். இப்படிப்பட்டவனுக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்த வேலை, ஊர் ஊராகப் போய்க் கிணற்றுக்குள் டேப் விட்டுத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று அளப்பது.

நான் வண்டி ஓட்டத்தான் சேர்ந்தேன். கோவில்பட்டியில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்த என் பழைய ஜீப்பை, நிலத்தடி நீர் எங்கே இருக்கலாம் என்று வரைபடம் போடுகிற ஒரு திட்டத்துக்குக் கேட்டார்கள். ஜீப்போடு நானும் போனேன். வரைபடம் போட வந்தவர்தான் நான் சொல்லப்போகிற மேடம். பெயர் வேண்டாம், கடைசிவரை மேடம் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. திண்டுக்கல் பக்கத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். கறுப்புக் குடை ஒன்றை வெயிலுக்கும் பிடிப்பார், கம்ப்யூட்டர் திரைக்கும் பிடிப்பார். எங்கள் ஊருக்கு வந்து அவர் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை ‘அண்ணாச்சி’. அதை வைத்துக்கொண்டுதான் என்னைக் கிணற்றுக்கு நகர்த்துவார்.

“அண்ணாச்சி, இந்த ஒரு கிணறு.”

“மேடம், போன கிணத்துலயும் இதத்தான் சொன்னிய.”

“நான் பிடிச்சுக்கிறேன், வாங்க.”

உண்மையிலேயே பிடித்துக்கொள்வார். நான் உடும்பு மாதிரி தரையோடு தரையாகப் படுத்துத் தலையை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டுவேன். அவர் பின்னால் உட்கார்ந்து என் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அளவு என்ன என்று கேட்பார். ஆடு மேய்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருவர், “என்ன அண்ணாச்சி, கிணத்துக்குள்ள தள்ளுதாவளா, தூக்குதாவளா?” என்று கேட்டார். எனக்கே அது சந்தேகமாகத்தான் இருந்தது.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் பூமிக்கடியில் இருக்கிற தண்ணீர் எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டேன்.

“தண்ணி தெரியாது அண்ணாச்சி. ஒருத்தர் முகத்தைப் பார்த்தா சாப்பிட்டாங்களா இல்லையான்னு தெரியுதுல்ல? அந்த மாதிரிதான்.”

அந்த முகத்தைத்தான் அவர் படித்தார். பாறை எப்படி, மண் எப்படி, சரிவு எந்தப் பக்கம், ஓடை எங்கே போகிறது, கோடையில் எது பச்சையாக நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். எல்லாவற்றையும் தோசை மேல் தோசையாக அடுக்கி, மார்க் போட்டு, கடைசியில் நிறம் கொடுப்பார். தண்ணீர் கிடைக்கும் என்றால் நீலம். கிடைக்காது என்றால் சிவப்பு. எங்கள் கரிசல்காடு திரையில் வந்தபோது மிளகாய் வற்றல் காயப்போட்ட களம் மாதிரி இருந்தது. அந்தச் சிவப்புக்கு நடுவே எங்கேயாவது நேர்கோடாக ஒரு பச்சை ஓடினால் மேடம் முகம் மலர்ந்துவிடும். அடியில் பாறை வெடித்திருக்கலாம், வெடிப்பில் தண்ணீர் தங்கியிருக்கலாம், அதைக் குடித்துத்தான் மேலே செடி பச்சையாக நிற்கிறது என்பார். ரோடும் ரயில் பாதையும் கரண்டு கம்பியும்கூடப் படத்தில் கோடாகத்தான் விழும். அதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதுதான் அவருடைய கோடு.

இதெல்லாம் படித்தவர்கள் எல்லாரும் செய்வது. மேடத்திடம் மட்டும் ஒரு கோளாறு இருந்தது. போர் போட்டுத் தண்ணீர் வராத இடத்துக்குத் திரும்பப் போவார்.

தண்ணீர் வந்த இடத்துக்குப் போக மாட்டார். கடம்பூர்ப் பக்கம் அவர் நீலம் போட்ட இடத்தில் தண்ணீர் நன்றாக வந்து, அந்த வீட்டுக்காரர் ஆள் விட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனால் போளி கிடைக்கும், மரியாதை கிடைக்கும். நான் ஜீப்பை அந்தப் பக்கம் திருப்பும்போதெல்லாம், “அங்கதான் சரியா வந்துருச்சே அண்ணாச்சி, அங்க போய் என்ன பார்க்க? வராத இடத்துக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்” என்பார். அவர் ‘பார்த்துட்டு வந்துருவோம்’ என்று சொன்னால் நான் சாமியைக் கும்பிட்டுக்கொள்வேன். பார்ப்பது நிச்சயம், வருவதற்கு யார் உத்தரவாதம்?

ஓட்டப்பிடாரம் தாண்டி ஓர் ஊரில் அப்படித்தான் போய் இறங்கினோம். அங்கே மேடம் வெளிர்நீலம் போட்ட புன்செய்க் காட்டில் போர் வண்டி வெறும் புழுதியைக் கக்கிவிட்டுப் போயிருந்தது. வீட்டுக்காரர் எங்களைக் கண்டதும் நாயை அவிழ்த்துவிட்டார். அடுத்த நிமிடம் நான் ஜீப்பின் கூரையில் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் தொப்பைக்கும் அந்தக் கூரைக்கும் சம்பந்தமே இல்லை. மேடம் குடையை மடக்கிக்கொண்டு நாய்க்கு முன்னால் அசையாமல் நின்றார்.

“வானத்துல இருந்து பாத்தியளாக்கும்? கீழ எறங்கி வந்து பாக்க மாட்டியளோ?” என்றார் வீட்டுக்காரர்.

“அதுக்குத்தான் வந்திருக்கேன்” என்றார் மேடம்.

வீட்டுக்காரர் நாயைப் பார்த்தார். நாய் வீட்டுக்காரரைப் பார்த்தது. மேடம் போர் போட்ட இடத்தில் குவிந்து கிடந்த பாறைத் தூளைக் கையில் அள்ளி, எத்தனை அடியில் இந்த நிறம் மாறியது, வண்டி எங்கே திணறியது என்று விசாரித்தார். அவர் பாதி ஏச்சும் பாதி பதிலுமாகச் சொன்னார். மேடம் இரண்டையும் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது, “நான் தப்பாப் படிச்சிட்டேண்ணே” என்றார். கூரையிலிருந்து இறங்க எனக்குத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்த ஏச்செல்லாம் சில்லறை. பசுவந்தனைக்குத் தெற்கே ஓர் ஊரில் வாங்கினதுதான் பெரிசு.

அங்கே ஊரை ஒட்டிக் காடும் காட்டுக்குள்ளேயே வீடுமாக ஒரு புருசன் பெண்டாட்டி. உளுந்தும் பாசிப்பயறும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம். ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, அங்கேயே பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தான். காட்டில் தண்ணீர் கண்டால் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அந்த வீட்டு அக்காவுக்கு அதுதான் நினைப்பு. தண்ணீர் என்று அவர் சொன்னாலே மகனும் பேத்தியும் என்றுதான் அர்த்தம்.

அவர்கள் காட்டின் ஓரமாக மேடத்துக்கு ஒரு கோடு கிடைத்தது. நீளமான, பச்சையான கோடு. பக்கத்தில் ஒரு கிணற்றில் கோடையிலும் தண்ணீர் மேலே கிடந்தது. நான்தான் உடும்பாகப் படுத்து அளந்தேன். எல்லாம் பொருந்தியது. மேடம் நீலம் போட்டார்.

போர் போட்ட அன்றைக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, வண்டி இறங்கியது. கொஞ்ச நேரம் புழுதி. அப்புறம் ஈரம். அப்புறம் குபுகுபுவென்று தண்ணீர். வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அக்கா போனைத் தண்ணீருக்கு நேரே நீட்டிக்கொண்டு, “ஏலே, தண்ணி பாருல! பிள்ளையக் கூப்பிட்டுக் காட்டுல! அப்பாவப் பாரு, சின்னப்பிள்ள மாதிரி சேத்துல உக்காந்திருக்காவ!” என்று கத்தினார். எல்லாரும் கையில் ஏந்திக் குடித்தோம். எங்கள் பக்கத்துத் தண்ணீர் உப்புக் கரிக்கும். இது இனித்தது.

மேடமும் குடித்தார். இன்னொரு தடவை குடித்தார். ஆர்.ஓ. மிஷின் விற்கிறவர்கள் வைத்திருப்பார்களே, உப்பு அளக்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர், அதை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

ஜீப்பில் வரும்போது, “இந்த மண்ணுக்கு இந்த ருசி வருமா அண்ணாச்சி?” என்றார்.

“அவிய செஞ்ச புண்ணியம் மேடம்” என்றேன். நான் எது சொன்னாலும் சிரிக்கிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

மகன் வந்துவிட்டான். பெண்டாட்டி பிள்ளையோடு, சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பேத்தியைப் பசுவந்தனையில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். காட்டில் மிளகாய் நாற்று நட்டார்கள்.

கோடை முடிகிற சமயம் மேடம் புதுப் படம் ஒன்றைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் எல்லாம் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் பச்சையாக இருந்தது.

“பாறை இவ்வளவு நேரா வெடிக்காது அண்ணாச்சி. மனுசன்தான் இவ்வளவு நேரா வெட்டுவான். போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்.”

அந்தக் கோட்டை நடந்தோம். சீமைக்கருவேல முள்ளுக்குள் குனிந்து, தவழ்ந்து. சருகு அசைந்தால் எனக்குப் பாம்பு. அசையாவிட்டால் அசையாமல் கிடக்கிற பாம்பு. “மேடம், நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாரதுதான் மரியாத” என்றேன். முள்ளு விலகின இடத்தில் செங்கல் தொட்டி ஒன்று இருந்தது. பாதி இடிந்து, சேறும் பாசியுமாக. உள்ளே பெரிய இரும்புக் குழாய். அதன் வால்விலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. ஆடுகள் குடித்துப் போன குளம்புத் தடம். மேலே தட்டான்கள்.

தாமிரபரணியிலிருந்து ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிற குழாய். வெட்டிப் புதைத்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். மேடத்துக்குக் கொடுத்த படம் எதிலும் அது இல்லை. கசிந்து கசிந்து, அந்தப் பள்ளத்தோடு ஊறி, பச்சைக்கோடாகி, வானம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. அதில்தான் போர் போட்டிருக்கிறோம்.

மேடம் சேற்றிலேயே உட்கார்ந்தார். குடை ஒரு பக்கம் கிடந்தது.

“இந்தக் குழாயோட கடைசி ஊர் எது அண்ணாச்சி?”

எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கிணறு அளக்கப் போன ஊர்தான். தெருக்குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும் என்று பெண்கள் எங்களைச் சுற்றி நின்று முறையிட்ட ஊர்.

“மேடம், நாம இங்கன வரவே இல்லன்னு வச்சுக்கிடுவோம்” என்றேன்.

“வந்துட்டோமே அண்ணாச்சி.”

கசிவை எழுதிக் கொடுத்தால் அடைப்பார்கள். அடைத்தால் கடைசி ஊருக்குத் தண்ணீர் போகும். இந்தப் போர் வற்றிவிடும். இதில் கணக்குப் போட ஒன்றுமில்லை. யாரிடமும் சொல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம். போர் ஏன் வற்றியது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மேடம் நேரே அந்த வீட்டுக்குப் போகச் சொன்னார். வழியெல்லாம் நான் ஜீப்பை இரண்டாவது கியரைத் தாண்ட விடவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அக்கா முதலில் சிரித்தார். “என்ன தாயி சொல்லுத? ஆத்துத் தண்ணியா? எங்க காட்டுலயா? கிண்டல் பண்ணுதியா?”

“இல்லக்கா. நான் கோட்டைத் தப்பாப் படிச்சிட்டேன்.”

மகன்தான் முதலில் விளங்கிக்கொண்டான். “நீங்க சொன்னாத்தான மேடம் தெரியும்? சொல்லாதீங்க.”

“கடைசி ஊர்ல குடிக்கவே வரல தம்பி.”

வீட்டுக்காரர் மகனைக் கையமர்த்திவிட்டு மேடம் பக்கம் திரும்பினார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. “ஒரு வெள்ளாம தாயி. இந்த மொளகாய மட்டும் எடுத்துக்கிடுதோம். பெறவு நீ எங்க வேணாலும் சொல்லு.”

மேடம் செடிகளைப் பார்த்தார். பூ விட்டிருந்தது. நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு, இந்த அம்மா வாயில் ‘சரி’ என்று வரவையுங்கள் என்று மன்றாடிக்கொண்டிருந்தேன். எந்தச் சாமியும் அந்த நேரத்தில் பசுவந்தனைப் பக்கம் இல்லை.

“அங்கயும் பிள்ளைங்க இருக்காங்கண்ணே” என்றார்.

அந்த அக்கா எழுந்தார். “அப்ப எதுக்குட்டி இங்கன வந்த? நேர அங்க போய்ச் சொல்ல வேண்டியதான?”

“உங்ககிட்டச் சொல்லாமச் செஞ்சா தப்புக்கா.”

“சொல்லிட்டுச் செஞ்சா சரியாட்டி?”

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். எத்தனையோ பேர் அவரை ஏசி நான் கேட்டிருக்கிறேன். அவர் தலை குனிந்ததை அங்கேதான் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கசிவை அவ்வளவு சுறுசுறுப்பாக யாரும் அடைத்ததில்லை. வருசக்கணக்கில் தானாக ஓடினது, ஒரு நல்ல காரியத்துக்குக் காத்திருந்த மாதிரி உடனே அடைபட்டது. போரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போய், மோட்டார் காற்றை இழுக்க ஆரம்பித்தது. மிளகாய் பூவோடு வாடி நின்றது. அந்த நிலத்தில் வேறு இடம் இருக்கிறதா என்று மேடம் நாள்கணக்கில் தேடினார். எல்லாம் சிவப்பு. வரைபடத்தில் அந்த நீலத்தையும் அவர் கையாலேயே சிவப்பாக்கினார். பண்ணைக்குட்டை வெட்ட மானியத்துக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று போய்ச் சொன்னபோது, “ஒன் கை பட்ட எதுவும் எங்களுக்கு வேண்டாம்” என்றார் அந்த அக்கா. பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு மகன் திருப்பூருக்கே போய்விட்டான்.

கடைசி ஊரில் தண்ணீர் வந்தது. அங்கே போனால் குலவை போட்டிருப்பார்கள். மேடம் போகவில்லை.

திட்டம் முடிந்தது. மேடம் ஊருக்குப் போனார். என் ஜீப் மறுபடியும் கல்யாண வீட்டுச் சமையல் பாத்திரம் ஏற்றப் போனது. அதோடு விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த பங்குனியில் போன். “அண்ணாச்சி, ரயில்ல வர்றேன். ஸ்டேஷனுக்கு வந்துருங்க. பார்த்துட்டு வந்துருவோம்.”

அதிலிருந்து வருசா வருசம் பங்குனியில் வந்தார். சம்பளம் இல்லை, திட்டம் இல்லை, யாரும் கேட்கவில்லை. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துக் கோவில்பட்டியில் இறங்கி, என் ஜீப்பில் ஏறி, ஏச்சு வாங்கப் போவார். ஜீப் சத்தம் கேட்டதுமே அந்த அக்கா வாசலுக்கு வந்துவிடுவார். “வந்துட்டியாட்டி? எம் பிள்ளயத் தொரத்துனவளே! வானத்துல பாத்தவளே! என்னத்தப் பாக்க வந்த இப்ப?” மேடம் வேலிக்குள் போய், மூடின போரின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, வேப்பமர நிழலில் தரையில் உட்காருவார். ஏச்சு நடந்துகொண்டிருக்கும். நான் ஜீப்பில் ஸ்டார்ட்டை நிறுத்தாமல் உட்கார்ந்திருப்பேன். டீசல் போனாலும் பரவாயில்லை, உயிர் முக்கியம்.

“எதுக்கு மேடம் இது?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“தண்ணிக்குக் கோடு போட்டது நான்தான அண்ணாச்சி. அவங்க வீட்டுக்கு நடுவுலயும் அதே கோடுதான் போயிருக்கு.”

ஒரு வருசம் ஏச்சுக்கு நடுவே சொம்பில் மோர் வந்து டொக்கென்று தரையில் உட்கார்ந்தது. மேடம் ஏச்சைக் கேட்டுக்கொண்டே குடித்தார். அதற்கப்புறம் மோரும் நிற்கவில்லை, ஏச்சும் நிற்கவில்லை. மேடம் வரவர மெலிந்துகொண்டு வந்தார். அதையும் அந்த அக்கா ஏச்சில் சேர்த்துக்கொண்டார். “எங்க வயித்தெரிச்சல்தான்ட்டி ஒன்ன இப்படி உருக்குது. ஒழுங்காச் சாப்பிடு.”

போன கார்த்திகையில் மேடத்தின் தம்பி எனக்குப் போன் செய்து, “அக்கா தவறிட்டாங்க” என்றார். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ராங் நம்பர் என்று சொல்லிக் கட் செய்தேன். திரும்ப அடித்தார். மறுபடியும் ராங் நம்பர் என்றேன். அவர் அப்புறம் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். புற்றுநோய். ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை.

பங்குனி வந்தது. ஸ்டேஷனுக்குப் போக வேலையில்லை. ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் பசுவந்தனைப் பக்கம் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

சத்தம் கேட்டு அந்த அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். “வந்துட்டியாட்டி? எம் பிள்ளயத் தொரத்துனவளே…” பாதியில் நிறுத்தினார். ஜீப்பில் என் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். “எங்க அவ?”

“வரலக்கா.”

“ஏன், ஏச்சுக்குப் பயந்துட்டாளா? பயப்படுத ஆளு இல்லயே அவ.”

ஜீப்பை நிறுத்தினேன். ஏச்சு வாங்க வர ஆரம்பித்த பிறகு அந்த வீட்டு வாசலில் நான் என்ஜினை அணைத்தது அதுதான் முதல் தடவை. இறங்கிப் போய்ச் சொன்னேன். ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. மேடம் இறந்துபோயிட்டாங்க அக்கா என்று மட்டும்தான் வந்தது.

அந்த அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து எழுந்து வெளியே வந்தார்.

“எம் மகன் போன்ல மூஞ்சியக் காட்டுதான்” என்றார் அந்த அக்கா, யாரிடமோ சொல்வது மாதிரி. “வருசம் தப்பாம வந்து நின்னது இவ ஒருத்திதான்.”

“மனசு ஆறிப்போச்சுன்னு அந்தப் பிள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா நீ” என்றார் வீட்டுக்காரர்.

“ஆறி எவ்வளவோ நாளாச்சு.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அதச் சொல்லிட்டா, முடிஞ்சு போச்சுன்னு நெனச்சு வராம இருந்துருவாளோன்னுதான… ஏசிக்கிட்டே இருந்தேன்.”

என்னையாவது நாலு வார்த்தை ஏசினால் தேவலை என்றிருந்தது எனக்கு.